மெழுகுவத்தியில் ஜெரேனிய மணம்

கேள்வி: வீட்டில் சோயா மெழுகில் ஜெரேனிய எண்ணெய் கலந்து வத்தி வார்த்தேன். ஏற்றினால் மணமே வரவில்லை, ஏன்?
– வாசகி, சேந்தாந்த்ரே, ரியூனியன்

பதில்: நம் தீவின் மேட்டு நிலங்களில் ஜெரேனியச் செடியின் இலையை ஆவியில் வடித்து எடுக்கும் அருமையான எண்ணெயைக் கொதிசூட்டில் ஊற்றினால், மணம் அப்போதே பறக்கத் தொடங்கிவிடும். ஆகவே, வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் மெழுகை உருக்கி, சூடு ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸுக்குத் தணிந்த பிறகு, 100 கிராமுக்கு 6 கிராம் வீதம் எண்ணெய் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறி வார்த்து, ஒரு வாரமாவது மூடி வையுங்கள். திரியையும் கவனியுங்கள், அம்மா: அது மெலிதாக இருந்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து, ஓரத்து மெழுகு உருகாமல் நின்றுவிடும், மணமும் எழாது. சற்றுத் தடித்த பருத்தித் திரியே ஏற்றது. உருக்கும்போது மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடிவிடுங்கள்.