ஞாயிறு உழைப்பு வேண்டாம், காலையில் 10 நிமிடம் போதும்

காலை 7 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்புவதாகவும், ஞாயிறு முழுக்க 18 செடிப் பைகள் உள்ள மாடித் தோட்டத்தில் உழைத்தும் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது தொற்றுநோய் அல்ல; மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். மூன்று நாள் காயவிட்டு, பிறகு பை வழியத் தண்ணீர் ஊற்றினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகப் போய்ச் சேராது. எனக்கும் முதல் ஆண்டு இதே கதைதான்.

இப்போது காபி டம்ளரோடு மாடி ஏறுகிறேன். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பேன். ஈரம் ஒட்டினால் அந்தப் பைக்கு அன்று தண்ணீர் கிடையாது. காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், ஈரம் சட்டென்று போகாது. ஊற்றும்போதே இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி ஒன்றிரண்டாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. ஒரு வாரம் விட்டால் வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் என்று ஞாயிறு போய்விடும்.

கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், தேறாது. அப்புறம், 18 பைகள் உங்கள் நேரத்துக்கு அதிகம். 10 ஆகக் குறையுங்கள். கறிவேப்பிலையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.