மருத்துவச்சி, செவிலியர், எல்.எஸ்.டி. சிகிச்சை: இவற்றுக்குள் என்ன தொடர்பு?

எல்.எஸ்.டி. என்பது மாயக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் ஒரு வேதிப்பொருள். தொடர்பு ஒரு பூஞ்சையில் தொடங்குகிறது. ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சையை மருத்துவச்சிகள் பிரசவ வலியைத் தூண்டப் பயன்படுத்தியதை ஜெர்மானியரான ஆடம் லோனிட்சர் 1582-இல் பதிவு செய்திருக்கிறார். அளவு பிசகினால் கருப்பை கிழியவும் சிசு இறக்கவும் கூடும் என்பதால், பிற்காலத்தில் அது பேற்றுக்குப் பிந்தைய உதிரப்போக்கை நிறுத்துவதற்கென ஒதுக்கப்பட்டது. அப்பூஞ்சையின் வேதிப்பொருள்களை சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்த சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் ஆராய்ந்த ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-இல் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார், அது மனத்தை மாற்றும் என்பதை 1943-இல்தான் கண்டறிந்தார். (உதிரப்போக்கை நிறுத்த நம் பிரசவ அறைகளில் உள்ள மெத்தர்ஜின் ஊசியும் அதே ஆய்வின் வழிவந்ததே.)

ஆனால், வேதியியல் உறவைவிடச் செவிலியரின் பங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1950-களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சையாக எல்.எஸ்.டி. கொடுத்தபோது, மனநலச் செவிலியர்கள் மணிக்கணக்கில் உடனிருந்தனர். வலி கண்ட பெண்ணை அவசரப்படுத்தாமல், ஆபத்தின் அறிகுறிகளை மட்டும் கவனித்து, தேவைப்படும்போது மட்டுமே தலையிடும் மருத்துவச்சியின் பணியும் ஏறத்தாழ இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: மருந்தின் பிடியில் இருப்பவரின் சம்மதத்தை அந்நேரத்தில் நம்ப முடியாது என்பதால், கையைப் பிடிக்கலாமா என்பதைக்கூட முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.