பதில்: வெளிநாட்டு நன்கொடைக்குச் சங்கம் பதிய வேண்டுமா?

வணக்கம். பெரம்பூரில் நாலு பேர் சேர்ந்து எழுதும் தமிழ் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும்) மென்பொருளுக்கு ஜெர்மனியிலிருந்து நன்கொடை வருகிறது, சங்கம் பதிந்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் சங்கம் பதியவே 7 பேர் தேவை. பதிந்தாலும் வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு தனி, அதற்கு 3 ஆண்டுச் செயல்பாடும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் காட்ட வேண்டும்.

அதற்குப் பதிலாக, பல திட்டங்களுக்காக நன்கொடை வாங்கி வைத்திருக்கும் குடை அமைப்பு ஒன்றில் சேருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பணம் வைத்திருக்கும் ‘சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரெஸ்ட்’ நன்கொடையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும்; கோடில் தலையிடாது. சர்வர் பில்லை அங்கிருந்தே கட்டச் சொல்லலாம், பணம் இங்கே வரவே தேவையில்லை. இன்னொரு குடை அமைப்பான அப்பாச்சி உங்களுக்குப் பொருந்தாது: அங்கே மென்பொருளின் பெயருரிமையை எழுதிக்கொடுக்க வேண்டும், உரிமமும் அப்பாச்சி 2.0 ஆக மாற வேண்டும். உங்களுடையது ஜிபிஎல் என்ற வேறு உரிமம்.

சிக்கல் வருவது பணத்தில் அல்ல, “யார் சொன்னால் பணம் போகும்” என்பதில். குடை அமைப்போடு பேசும் பிரதிநிதி யார், அவரை எத்தனை ஓட்டில் மாற்றலாம் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுதி, கோடு இருக்கும் ரெப்போவிலேயே கவர்னன்ஸ் (நிர்வாக விதி) கோப்பாகப் போடுங்கள். டொமைன் (இணையதள முகவரி) இன்னும் ஒருவரின் சொந்த ஜிமெயிலில்தான் இருக்கிறது என்றீர்களே, அதை இந்த வாரமே பொது மெயிலுக்கு மாற்றி, இரண்டு பேரிடம் கடவுச்சொல் இருக்கட்டும். அவர் வேலை மாறி மெயிலைப் பார்க்காமல் விட்டால், டொமைன் புதுப்பிப்பு நோட்டீஸ் யார் கண்ணிலும் படாது.