எஃப்.ஐ.ஆரில் 19, பத்தாவது மார்க்‌ஷீட்டில் 17: எந்த வயது செல்லும்?

மார்க்‌ஷீட் வயதுதான் செல்லும். மேலூர் பைக் திருட்டு வழக்கில் உங்கள் தங்கை மகனுக்கு ஆதாரைப் பார்த்து 19 என்று எழுதி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 94-ம் பிரிவில் ஆதாருக்கு இடமே இல்லை. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று, எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை.

டி.சி.யை (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) மட்டும் நம்பிப் போகாதீர்கள், 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கிறதா பாருங்கள். தேதி தெரியாவிட்டால் அப்படித்தான் போட்டுவிடுவார்கள், நம் பக்கம் நிறையப் பேருக்கு அதுதான் பிறந்தநாள்! கணக்கில் வருவது சம்பவ நாளன்று இருந்த வயது.

ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடமே, அவன் சிறுவன் என்று அதே சட்டத்தின் 9-ம் பிரிவில் மனு போடுங்கள். சிறுவன் என்று உறுதியானால் வழக்கு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், அங்கே பெரும்பாலும் ஜாமீன்தான். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், சிறுவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது, 15100-க்கும் கூப்பிடலாம்.

எஃப்.ஐ.ஆரில் வெறும் திருட்டுதானா, கொடிய ஆயுதத்தோடு கொள்ளை என்று சேர்த்திருக்கிறார்களா? குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடம் என்றால், 16 தாண்டியவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று குழுமம் பார்க்கும். அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.