மிளகுத்தூள் குப்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடலில் பிரிட்டன் வசமிருந்த மால்டா தீவின் முற்றுகை பற்றி நீங்கள் எழுதியதில், பெனலோப்பி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு ‘பெப்பர்பாட்’ என்று பட்டப்பெயர் இருந்ததாக ஒரு வரி வருகிறது. எதிரிகள் மேல் மிளகுத்தூள் தூவுவதுபோலக் குண்டுகளைத் தூவியதால் வந்த பெயரா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

நியாயமான ஊகம்தான், ஆனால் விஷயம் தலைகீழ். தூவியவன் எதிரி. ஓட்டல் மேஜையில் இருக்கும் மிளகுத்தூள் குப்பியின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தத் துளைகள்தான் பெயருக்குக் காரணம். நம் ஆட்களாக இருந்தால் ‘சல்லடை’ என்றிருப்பார்கள்.

பெனலோப்பி ஒரு இலகு ரக குரூசர், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். 1941 நவம்பரில் மால்டாவிலிருந்து இரவில் கிளம்பி, அரோரா என்ற இன்னொரு குரூசரோடும் டெஸ்ட்ராயர் எனப்படும் இரண்டு சிறிய, வேகமான போர்க்கப்பல்களோடும் போய், வட ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு ஏற்றிப்போன இத்தாலிய அணியின் ஏழு சரக்குக் கப்பல்களையும் மூழ்கடித்தது. அப்படிப்பட்ட கப்பலைச் சும்மா விடுவார்களா? 1942 மார்ச் கடைசியில் அது பழுதுபார்க்க மால்டா துறையில் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஜெர்மன் விமானங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

குண்டு கப்பல் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்து வெடித்தாலே போதும், சில்லுகள் பக்கவாட்டுத் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும். தகடு மாற்ற நேரம் ஏது? மர ஆப்புகளைச் செதுக்கி ஒவ்வொரு ஓட்டையிலும் அடித்து இறுக்கினார்கள். உடம்பெல்லாம் ஆப்பு துருத்திக்கொண்டு நிற்க, ஏப்ரல் 8 இரவு கிளம்பி, வழியில் வந்த விமானத் தாக்குதலையும் சமாளித்து, 10ஆம் தேதி ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தது. பெப்பர்பாட் என்ற பெயர் அப்புறம் அதை விட்டுப் போகவில்லை.

பத்திரிகைக்காரர்கள் சூட்டும் ‘கடற்புலி’ வகைப் பெயர்களைவிட எனக்கு இந்த மாதிரி கேலிப் பெயர்கள்தான் பிடிக்கும். அதே ஆண்டு டிசம்பரில் ‘போர்க்குபைன்’ என்ற டெஸ்ட்ராயர் டார்பிடோ பட்டு கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது; பிறகு அதை இரண்டு துண்டாகவே பிரித்தார்கள். பெயருக்கு முள்ளம்பன்றி என்று அர்த்தம். மாலுமிகள் முன்பாதிக்கு ‘போர்க்’ என்றும் பின்பாதிக்கு ‘பைன்’ என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்!

பெனலோப்பியை நியூயார்க்கில் முழுதாகச் செப்பனிட்டார்கள். மறுபடி மத்தியதரைக் கடலுக்கே வந்தது. 1944 பிப்ரவரி 18 அன்று, இத்தாலியில் நேப்பிள்ஸிலிருந்து ஆன்ஸியோ பகுதிக்குத் திரும்பும் வழியில், யு-410 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் தாக்கின. கப்பலோடு 400 பேருக்கு மேல் போனார்கள்.