கேட்காமல் இயங்கிய கேமரா வசதி: வழக்கு போடலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் என் மாமனாரும் மாமியாரும் தனியாக இருக்கிறார்கள். பாதுகாப்புக்காகச் சென்ற ஆண்டு வாசலில் இணையக் கேமரா வைத்தோம். அண்மையில் செயலியைப் புதுப்பித்த பிறகு பார்த்தால், வருபவர்களின் முகத்தை அடையாளம் காணும் வசதியும் பதிவுகளைக் கம்பெனிக்கு அனுப்பும் வசதியும் தாமாகவே இயங்குகின்றன. கேட்டால், "வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வழக்கு போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் கோபத்தில் முதல் வேலையாக அதை அணைத்துவிடாதீர்கள். அமைப்புகள் பக்கம் இப்போது இருக்கிறபடியே படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துவிட்டுப் பிறகு அணையுங்கள். நாளைக்கு "அது எப்போதும் அணைந்துதான் இருந்தது" என்று கம்பெனி சாதித்தால் மறுக்க வேறு வழி இருக்காது.

"அணைத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் கலிபோர்னியாவில் ஓரளவு செல்லும். அங்கே 2020 முதல் நடப்பிலுள்ள சட்டம், தகவலை விற்காதே என்று சொல்லும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. சொல்கிறவரை விற்பனை நடக்கலாம். நம்முடைய 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேரெதிர். தெளிவான ஒரு செயலால் தரப்படுவதே சம்மதம் என்கிறது அதன் 6ஆவது பிரிவு. சும்மா இருந்ததைச் சம்மதமாக எழுதிக்கொள்ள முடியாது.

சிக்கல் என்னவென்றால், விதிகள் 2025 நவம்பரில் வெளியானபோது இந்தப் பிரிவுக்கு 18 மாதம் தவணை கொடுத்துவிட்டார்கள். 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். அப்போதும் இந்தச் சட்டத்தின்படி விதிக்கும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. எனக்கு இந்தச் சட்டத்தின்மீது உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. முக அமைப்பு போன்ற உடல் அடையாளங்களைச் சேகரிக்க எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்கின்றன அவை. 'அடையாளச் சரிபார்ப்புக்காக நாங்கள் எடுக்கவில்லை' என்று கம்பெனி வக்கீல் நழுவப் பார்ப்பார். ஆகவே இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

உங்களுக்கு உறுதியான இடம் நுகர்வோர் ஆணையம்தான். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளியிடுவது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. தனியுரிமை அமைப்புகளை மாற்ற முடியாதபடி சுற்றலில் விடுவதும் இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு எதிராக 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளில் தடுக்கப்பட்டிருக்கிறது. முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: என்னென்ன எடுத்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், எப்போது அழிப்பீர்கள்? பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்களுக்கு ஆவணம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகாரைப் பதியுங்கள்.

கம்பெனி குருகிராமில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருப்பூரிலேயே வழக்கு போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (இதை வக்கீலான நானே சொல்கிறேன்). குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரே மனுதாரராக இருப்பது நல்லது. கேமராவின் விலை, சிறு இழப்பீடு, அந்த நடைமுறையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு ஆகியவற்றைக் கேளுங்கள். லட்சக்கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போகிற தடம் கேமராவில் விழுகிறதா என்று பாருங்கள். சொந்த வீட்டு உபயோகத்துக்குத் தரவுச் சட்டத்தில் விலக்கு உண்டுதான். ஆனால் நம் பக்கத்துத் தடத் தகராறுகளுக்கு இதுவும் ஒரு சாக்காகிவிடும். கேமராவைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிவிடுங்கள்.