தோற்பார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் மிச்சிகனில், டெட்ராய்ட்டை ஒட்டிய ட்ராய் நகரில் இருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்து இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பைத்தியம். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ரசிகன்.

பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்கவுட் ஆட்டங்கள்) நெருங்கினால் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க வாக்குவாதம்தான். 'யாரும் மதிக்காத அணிதான் இந்த முறை அடிக்கும். பயமில்லாமல் ஆடுவார்கள், அவர்களுக்கு நெஞ்சுரம் அதிகம்' என்று ஒரு கூட்டம் சொல்லும். எந்த அணி எத்தனை புள்ளியில் ஜெயிக்கும் என்று பந்தயக் கம்பெனிகள் போட்ட எண்ணைக் காட்டி, 'கதையெல்லாம் வேண்டாம், பலமான அணிதான் ஜெயிக்கும்' என்று இன்னொரு கூட்டம் மறிக்கும்.

2024 ஜனவரியில் நாங்கள் மேலே வந்தபோது நாடே எங்கள் பக்கம் இருந்தது. அடுத்த சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி என்று முதலிடம் பிடித்து, பிளேஆஃபில் சொந்த மைதானத்திலேயே வாஷிங்டனிடம் உதை வாங்கினோம். முந்தைய வருடம் எங்களுக்குக் கைதட்டிய அதே நண்பர்கள் அன்றைக்குத் துள்ளிக் குதித்தார்கள். ஒரே வருடத்தில் அப்படி என்ன பாவம் செய்துவிட்டோம்?

என் மகளுக்கு எட்டு வயது. எந்த ஆட்டம் ஓடினாலும், 'இதில் யார் தோற்பார்கள் என்று சொல்கிறார்கள்?' என்று கேட்டுவிட்டு அந்த அணிக்குக் கத்துகிறாள். நல்ல குணம்தான் என்று விட்டுவிடலாமா?

இன்னொன்று. பாதிக்கு மேல் தோற்ற அணிகூட, தன் டிவிஷனில் (நாலு அணிகள் கொண்ட சிறு பிரிவு) முதலிடம் என்ற ஒரே காரணத்தால் சொந்த ஊரில் பிளேஆஃப் ஆடலாம் என்கிறது விதி. இது நியாயமா?

க., ட்ராய்

*

அன்புள்ள க.,

உங்கள் அலுவலகத்தின் முதல் கூட்டத்தோடுதான் எனக்கு அதிகச் சண்டை. நானும் எளிய அணியின் பக்கம் சாய்கிறவள்தான். அதனாலேயே 'நெஞ்சுரத்தால் ஜெயித்தார்கள்', 'அதிசயம் நடந்தது' என்ற பேச்சைக் கேட்டால் கோபம் வருகிறது. ஜெயித்தவர்கள் செய்த வேலை அந்தப் பேச்சில் அப்படியே மறைந்துபோகிறது.

2008 பிப்ரவரி 3, அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த சூப்பர் பவுலையே (சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதியாட்டம்) எடுத்துக்கொள்ளுங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அந்த சீசனில் 16 ஆட்டத்தில் 16 வெற்றி, பிளேஆஃபில் மேலும் 2. எதிரே நியூயார்க் ஜயண்ட்ஸ், 10 வெற்றி 6 தோல்வியோடு வைல்ட் கார்டில் (டிவிஷனில் முதலிடம் பிடிக்காத அணிக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம்) நுழைந்து, டாம்பா, டல்லஸ், கிரீன் பே என்று மூன்று ஊர்களுக்கும் போய் ஜெயித்துவிட்டு வந்த அணி. பந்தயக்காரர்கள் பேட்ரியட்ஸுக்கு ஏறக்குறைய 12 புள்ளி முன்னிலை கொடுத்திருந்தார்கள். ஜயண்ட்ஸ் 17-14 என்று ஜெயித்தது.

அந்த ஆட்டம் என்றால் எல்லோருக்கும் ஒரே ஒரு காட்சிதான் நினைவுக்கு வரும். இன்னும் ஒண்ணேகால் நிமிடம் இருக்கிறது. இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுக்க, ஜயண்ட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஈலை மேனிங் திமிறி வெளியே வந்து பந்தை வீசுகிறார். அதே அணியின் டேவிட் டைரி எகிறிப் பிடித்து, ஒரு கையால் பந்தைத் தலைக்கவசத்தோடு அழுத்திக்கொண்டே விழுகிறார். 32 கஜம். சீசன் முழுக்க நாலே நாலு பந்து பிடித்தவர் அவர். பார்த்தால் அதிசயம் என்றுதான் தோன்றும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பந்து பறப்பதற்கு முன்னால் 58 நிமிடங்கள் ஆடியிருந்தார்கள். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 36 புள்ளிக்கு மேல் குவித்த பேட்ரியட்ஸ் அன்று எடுத்தது 14. சீசன் முழுவதிலும் அவர்கள் எடுத்த ஆகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். அவர்களுடைய குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஐந்து முறை பந்தோடு சாய்த்திருந்தார்கள். எப்படி?

குவார்ட்டர்பேக்கை வேகமாக நெருக்க வேண்டுமானால் ஐந்து பேரை, ஆறு பேரை அனுப்ப வேண்டிவரும். அனுப்பினால் பின்னால் இடம் காலியாகும். அந்த இடத்தில் பேட்ரியட்ஸின் ராண்டி மாஸ் நிற்பார். அந்த வருடம் 23 டச்டவுன் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) பிடித்துச் சாதனை செய்தவர். ஜயண்ட்ஸ் பெரும்பாலும் நாலே பேரை வைத்து பிரேடியை எட்டியது. மிச்சம் ஏழு பேர் பின்னால் காவல். வழக்கமாக ஓரத்திலிருந்து பாய்கிற ஜஸ்டின் டக்கை நடுவே கொண்டுவந்து, அவரைவிடக் கனமான, ஆனால் அவ்வளவு வேகம் இல்லாத ஆட்களுக்கு எதிரே நிறுத்தினார்கள். அவர்களால் அவரைத் தடுக்க முடியவில்லை. இதைத் திட்டமிட்ட ஸ்டீவ் ஸ்பக்னுவோலோவுக்கு அந்த அணியின் டிஃபென்ஸ் பொறுப்பில் அதுதான் முதல் வருடம்.

இதற்கு ஐந்து வாரம் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். சீசனின் கடைசி ஆட்டத்தில் இதே இரண்டு அணிகள் மோதின. ஜயண்ட்ஸின் பிளேஆஃப் இடம் அதற்குள் உறுதியாகிவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்ற நிலையில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைப்பதுதான் பலருடைய வழக்கம். கோச் டாம் காஃப்லின் முழுப் பலத்தோடு இறக்கினார். 38-35 என்று தோற்றார்கள், சிலருக்குக் காயம் வேறு. ஆனால் இந்த அணியோடு நின்று ஆட முடியும் என்று அன்றைக்குக் கண்கூடாகத் தெரிந்துகொண்டார்கள். இத்தனையும் செய்தவர்களைப் பார்த்து 'உங்களுக்கு நெஞ்சுரம் அதிகம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். அந்த எண் அணியின் தகுதிக்குக் கிடைக்கிற மதிப்பெண் அல்ல. இரண்டு பக்கமும் பணம் வந்து சேரும்படி கம்பெனி வைக்கிற கோடு அது. ஒரு ஆளுக்கு முழங்கால் போனால் நகரும், காற்றடித்தால் நகரும். 2021-லிருந்து உங்கள் மாநிலத்தில் கைபேசியிலேயே பந்தயம் கட்டலாம் என்று ஆகிவிட்டதால் சாப்பாட்டு மேசை வரை அது வந்துவிட்டது. 2017 சீசனில் பிலடெல்பியா ஈகிள்ஸ் 13 வெற்றியோடு, லீக்கின் இரண்டு பாதிகளில் தன் பாதியில் முதலிடம். டிசம்பரில் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் போனது. அவ்வளவுதான், சொந்த ஊரில் ஆறாம் இடத்து அட்லாண்டாவுக்கு எதிராகவே தோற்கப்போகிற அணி என்று எண் வந்துவிட்டது. தோற்கும் என்று சொல்லப்படும் அணிக்கு ஆங்கிலத்தில் 'அண்டர்டாக்' என்று பெயர். 15-10 என்று ஜெயித்த கையோடு லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடி போட்டுக்கொண்டு மைதானத்தில் நடந்தார்கள். அடுத்த வாரம் கேலரி முழுக்க நாய் முகமூடி.

சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸை 41-33 என்று அவர்கள் சாய்த்த ஆட்டத்தில், பாதி ஆட்டம் முடிய 38 நொடி இருக்கையில் ஒரு நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி. கோட்டுக்கு ஒரு கஜம். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து பீல்ட் கோல் அடித்து மூன்று புள்ளியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மாற்று ஆட்டக்காரரான நிக் ஃபோல்ஸ் ஓரத்துக்கு வந்து கோச்சிடம் ஒரு உத்தியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார், கோச் டக் பீடர்சன் சரி என்கிறார். பந்து மூன்று கை மாறி, குவார்ட்டர்பேக் ஃபோல்ஸ் கைக்கே வந்து டச்டவுன். அன்றைக்குத் தோன்றிய குறும்பு இல்லை அது. பயிற்சியில் ஒத்திகை பார்த்து, இப்படி ஒரு தருணத்துக்காக எடுத்து வைத்திருந்த ஆட்டம்.

இந்த லீக்கில் (NFL) ஏழை அணி, பணக்கார அணி என்ற பேச்சே பெரிய அளவில் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. தொலைக்காட்சிப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. கடைசி இடத்தில் முடித்தவர்களுக்குக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் உரிமை. (கிரீன் பே ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊர், அந்த அணிக்கு ரசிகர்கள்தான் முதலாளிகள். ஆனால் அவர்களிடம் 13 சாம்பியன் பட்டங்கள் இருக்கின்றன. அவர்களை எளிய அணி என்பதா, வல்லவர்கள் என்பதா?) பேஸ்கட்பாலில் ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும், பலமான அணி ஒரு நாள் தடுக்கி விழுந்தாலும் எழுந்துவிடலாம். இங்கே ஒரே ஆட்டம், 60 நிமிடம். அதனால் பலவீனமான அணி என்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளைய கணக்கு மட்டும்தான்.

உங்கள் லயன்ஸையே பாருங்கள். 2008-ல் 16 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 1957-க்குப் பிறகு பட்டம் கிடையாது. 1992 ஜனவரியில் ஜெயித்த பிளேஆஃப் ஆட்டத்துக்கு அப்புறம் அடுத்தது 32 வருடம் கழித்துத்தான். கோச் டான் கேம்ப்பெலின் முதல் வருடத்தில் கிடைத்தது மூன்றே வெற்றி. அப்புறம் 9, அப்புறம் 12, அப்புறம் 15. லாஸ் ஏஞ்சலஸ் அணி வேண்டாம் என்று அனுப்பிய உங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், 2024 ஜனவரி 14 அன்று அதே லாஸ் ஏஞ்சலஸை 24-23 என்று வென்றபோது மைதானமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அன்று நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது.

பாவம் என்று கேட்டீர்கள். எந்தப் பாவமும் செய்யவில்லை. வேலையை இன்னும் நன்றாகச் செய்தீர்கள், அதனால் உங்கள் மேல் எதிர்பார்ப்பு வந்தது. அவ்வளவுதான். 2025 ஜனவரி 18 அன்று ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தால் யாரும் தோற்பார்கள். ஏய்டன் ஹட்சின்சன் அக்டோபரில் கால் எலும்பு முறிந்து போனதிலிருந்தே டிஃபென்ஸில் ஓட்டை, அடுத்தடுத்து ஆட்கள் காயத்தில் விழுந்துகொண்டே இருந்தார்கள். எதிரே ஜெய்டன் டேனியல்ஸ் என்ற முதல் வருடப் பையன் துளியும் பதறவில்லை. வாஷிங்டன் முந்தைய வருடம் 4 வெற்றி 13 தோல்வி. அதனால்தான் டேனியல்ஸ் அவர்களுக்குக் கிடைத்தார். அவர்கள் 45-31 என்று ஜெயித்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் வாஷிங்டன் எழுந்ததற்காகச் சந்தோஷப்படுவது வேறு, டெட்ராய்ட் விழுந்ததற்காகக் குதிப்பது வேறு. உங்கள் நண்பர்கள் செய்தது இரண்டாவது. அதை எளியவர் மேலுள்ள அன்பு என்று அவர்கள் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். யார் உயரத்தில் இருக்கிறார்களோ அவர்கள் விழ வேண்டும் என்ற ஆசைதான் அதில் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 1991 ஜனவரி 27, டாம்பாவில் சூப்பர் பவுல். பஃபலோ பில்ஸ்தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். முந்தைய ஆட்டத்தில் 51-3 என்று எதிரியைச் சிதறடித்துவிட்டு வந்திருந்தார்கள். ஜயண்ட்ஸுக்கோ குவார்ட்டர்பேக்கே மாற்று ஆள். பந்தை 40 நிமிடத்துக்கு மேல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பில்ஸைக் காத்திருக்க வைத்தே மடக்கியது ஜயண்ட்ஸ். அன்றைய டிஃபென்ஸ் திட்டம் போட்டவர் பில் பெலிசிக். 2008-ல் தோற்ற பேட்ரியட்ஸின் கோச்சும் அவர்தான், இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்.

எட்டு நொடி இருக்கையில் பில்ஸின் ஸ்காட் நார்வுட் 47 கஜத்திலிருந்து உதைத்தார். பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. 20-19. மறுநாள் பஃபலோவில் அணியை வரவேற்க ஆயிரக்கணக்கான பேர் திரண்டார்கள். பேச்செல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது கூட்டம் நார்வுட்டைக் கூப்பிட ஆரம்பித்தது. அவர் முன்னே வந்து பேசும் வரை விடவில்லை. அவருக்குக் குரல் தழுதழுத்தது. தங்கள் ஊருக்குப் பட்டம் கிடைக்காமல் போனது அவர் உதையால்தான் என்று தெரிந்தே கூப்பிட்டவர்கள் அவர்கள். பிடித்தவர்களுக்காகக் கத்துவது எட்டு வயதுக்கு ரொம்ப நல்லது, தடுக்காதீர்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைக்காமல், ஜெயிப்பார்கள் என்று சொல்லப்பட்டுத் தோற்ற அணியின் முகங்களையும் அவள் பார்க்கட்டும்.

கடைசிக் கேள்வி. டிவிஷன் முதலிடத்துக்கு பிளேஆஃப் இடம் கொடுப்பது சரி, சொந்த மைதானமும் கொடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். 2010 சீசனில் 7 வெற்றி 9 தோல்வியோடு இருந்த சியாட்டில், 11 வெற்றி பெற்ற நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸைத் தன் ஊருக்கு வரவழைத்து 41-36 என்று வென்றது. மார்ஷான் லிஞ்ச் ஒவ்வொருவராக உதறித் தள்ளிக்கொண்டு 67 கஜம் ஓடியபோது கேலரி குதித்த குதிப்பு பக்கத்திலிருந்த நில அதிர்வு மானியில் பதிவானது. அருமையான ஓட்டம்தான், எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் அந்த மைதானம் நியாயமாக நியூ ஆர்லியன்ஸுடையதாக இருந்திருக்க வேண்டும். 2024 சீசனில் உங்கள் டிவிஷனிலேயே இருக்கும் மினசோட்டா 14 ஆட்டம் ஜெயித்தும், நீங்கள் 15 ஜெயித்துவிட்டதால் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, 10 ஆட்டம் மட்டும் ஜெயித்த லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு எதிராக விருந்தாளி அணியாக ஆட வேண்டிவந்தது. வெற்றிக் கணக்கை வைத்தே வரிசை போடலாம் என்று 2025-ல் லீக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்ததே உங்கள் லயன்ஸ்தான். ஆதரவு போதாமல் மே மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லாத விஷயத்தில், பக்கத்து அணிக்கு நேர்ந்ததைப் பார்த்துக் கொண்டுவந்த தீர்மானம் அது. உங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னீர்களா?

அன்புடன்
அக்கா